மூன்றாவது மணிக்குள்

மீன் சூப்பில் பால் ஊற்றினால் சில சமயம் திரிந்துபோகும். கிரீம் ஊற்றினால் திரியாது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். உருளைக்கிழங்கு வெந்து, மீன் துண்டுகள் வெளுத்து வந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, கிரீமை ஓரமாக ஊற்றி அதன்பாட்டில் விட்டுவிட வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்க வந்த விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. அன்றைக்கு வீட்டில் கிரீம் இல்லை.

அந்த நாற்காலியில் உட்காருங்கள், வக்கீலம்மா. அது ஒன்றுதான் இன்னும் கட்டாமல் இருக்கிறது. சனிக்கிழமை லாரி வருகிறது. என் கணவர் வாரன் போன பிறகு இவ்வளவு பெரிய வீடு எனக்கு எதற்கு? முதியோர் குடியிருப்பில் ஜன்னல் ஓரமாக ஓர் அறை பார்த்துவிட்டேன். உங்கள் பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் நாற்பது வருஷம் இருந்தவள் நான். எழுதுகிறவர்களுக்குக் கை வலிக்காத வேகத்தில்தான் பேசுவேன்.

பெயர் யூனிஸ் வாட்லி. வயது எழுபத்தெட்டு. அது நடந்தபோது எழுபத்திரண்டு.

எடிலேனியை நான் நன்றாகவே வைத்திருந்தேன். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாரனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன வருஷம் அவள் வந்தாள். பிரேசில்காரி. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஒரே மகள், கணவன் இல்லை. இந்த நாட்டில் இருக்க முறையான காகிதம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வைத்திருந்தாள். வாரத்தில் ஐந்து நாள், காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. வாரனைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், வீட்டைத் துடைப்பாள், கடைக்குப் போய் வருவாள். என்னை 'தோனா யூனீசி' என்று கூப்பிடுவாள். அவர்கள் நாட்டில் மரியாதைப்பட்ட பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாரனுக்கு அப்போது மிஞ்சியிருந்தது ஐந்தாறு சொற்கள்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"தோனா, இன்னிக்கு ஐயா ரெண்டு முட்டை சாப்ட்டாரு. ரெண்டாவது என் தட்டுல இருந்து திருடினது."

"திருடினாரா?"

"பின்ன? கை வராதவர் செய்யற வேலையா இது? எங்க ஊர்ல பொறந்திருந்தா கோழியே திருடியிருப்பாரு."

வாரன் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். எனக்கு அவர் அப்படிச் சிரித்துக் காட்டியதில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கிற அந்தத் தாள் நான் தட்டச்சு செய்தது. ஏழு விதிகள். கீழே என் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு குளிர்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தேன். வேலைக்கு வருகிறவர்களுக்கு எது சரி, எது தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு வராது. செருப்பை வெளியே விடுவது, வாரனின் மருந்து நேரம், இப்படிச் சாதாரண விஷயங்கள்தான். ஆறாவது விதி, என் அனுமதி இல்லாமல் காரை எடுக்கக் கூடாது என்பது. நாலாவது விதி, நான் போன் செய்தால், எங்கே இருந்தாலும், என்ன வேலையாக இருந்தாலும், மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது.

நாலாவது விதிக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் வந்த முதல் மாதம் நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. பத்து தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. வந்து பார்த்தால் வாரன் குளியலறையில் விழுந்து கிடக்கிறார். அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"போனை ஏன் எடுக்கல?"

"கைய எடுத்தா ஐயா தலை தரையில முட்டும், தோனா."

நியாயம்தான். ஆனாலும் அந்தப் பத்து தடவையும் எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே விதியை எழுதிவிட்டேன். அதன்பின் ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை. கை முழுக்க மாவோடு எடுத்திருக்கிறாள். மகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சியில் இருந்து, பிள்ளைகள் பாடுகிற சத்தத்துக்கு நடுவில், கிசுகிசுவென்று "தோனா?" என்றிருக்கிறாள்.

கார் விஷயம் சொல்கிறேன். கார் என் பெயரில் இருந்தது. பச்சை நிற ஸ்டேஷன் வேகன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வரும். இந்தக் காரை வழக்கமாக ஓட்டுகிறவர்கள் யார் யார் என்று கேட்டிருக்கும். அவள் வேலைக்கு இருந்த நாலு வருஷமும் என் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன். அவள் பெயரை எழுதினால் வருஷக் கட்டணம் ஏறும். அவள் யார், எவ்வளவு நேரம் வேலை செய்கிறாள், சம்பளம் எந்தக் கணக்கில் போகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேள்வி வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பினவள் நான். அதனால் எனக்குத் தெரியும், விட்டுப்போனது வேறு, பொய் வேறு.

அவள் வாரத்துக்கு நாலு தடவையாவது காரை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் அலமாரியில் இருக்கிற நீலச் சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவளாக ஒரு நாளும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. இதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் தோட்டக் கழகக் கூட்டத்தில் லோர்னா ஒரு கதை சொன்னாள். லோர்னா என் நாற்பது வருஷச் சிநேகிதி. பக்கத்து ஊரில் ஒரு தம்பதி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் அவர்கள் காரில் போய் ஒரு சைக்கிள்காரனை இடித்துவிட்டாள்.

"வீடே போச்சுடி யூனிஸ். ஏரியைப் பார்த்த வீடு!"

"ஓட்டினது அந்தப் பொண்ணு. அவங்க வீடு ஏன் போகணும்?"

"காரு அவங்க பேர்ல. போனது அவங்க வீட்டு வேலையா. அப்ப யார் தலையில விழும்?"

"அவ கேக்காம எடுத்துட்டுப் போயிருந்தா?"

"அது திருட்டு மாதிரி ஆயிடும். தப்பிச்சிருப்பாங்க. ஆனா பாவம், அந்த மனுஷன் கோர்ட்டுல போய், 'நான்தான் அனுப்பினேன்'னு சொல்லிட்டானாம். நேர்மையான முட்டாள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வீடு வாரனின் தாத்தா கட்டியது. அன்றிரவு படுக்கும்போது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் கூட்டம் என் வீட்டில். செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, நாலு பேர் வருகிறார்கள். காலையிலிருந்து மழை, விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், கிரீம் இல்லை.

"தோனா, பால் போதாதா?"

"திரிஞ்சிடும்."

"ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. நானே காலைல பஸ்ஸுலேர்ந்து எறங்கி வாத்து மாதிரி நடந்து வந்தேன். பனி உருக உப்பு தூவற லாரி வந்தப்பறம் போறேனே."

"அது வரதுக்குள்ள வந்தவங்க சாப்ட்டு எழுந்திருப்பாங்க, எடிலேனி."

அவள் துண்டுக் காகிதம் எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். தானே எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். கிரீம், பார்ஸ்லி, எலுமிச்சை. அவள் பாஷையில், அவள் கையெழுத்தில். நான் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். மெதுவாக ஓட்டு என்றும் சொன்னேன். வாரன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டு, "கோழித் திருடா, என் ரொட்டிய தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்று பதினாலுக்கு நான் அவளுக்கு ஒரு போன் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். லோர்னா ஷூவிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னடி, கொட்டகை காலியா கெடக்கு? கார் எங்க?"

"எனக்கும் அதான் தெரியணும்" என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூப்பில் பாலை ஊற்றிப் பரிமாறினேன். கொஞ்சம் திரிந்துதான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சோளமாவுப் புட்டிங் பரிமாறிக்கொண்டிருந்தபோது சார்ஜென்ட் லீலண்ட் ப்ரூயிட் வந்தான். அவன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன். மூக்கில் ரத்தம் வந்தால் என் அலுவலகத்தில்தான் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருப்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மிஸஸ் வாட்லி, உங்க கார் எங்க இருக்குன்னு தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லோர்னா பதில் சொன்னாள்.

"அதத்தான் நாங்க வந்ததுல இருந்து அவளும் கேட்டுக்கிட்டு இருக்கா."

அவன் நடந்ததைச் சொன்னான். மில் சாலை வளைவில் கார் வழுக்கியிருக்கிறது. ரோலண்ட் திபோடோ தன் வீட்டுத் தபால் பெட்டியைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். பனியை வாரிவிடாவிட்டால் தபால்காரர் நிறுத்தமாட்டார், அதனால் எல்லோரும் செய்கிற வேலைதான். காரின் முன்பக்கத்துக்கும் பெட்டியின் கம்பத்துக்கும் இடையில் அவர் மாட்டிக்கொண்டுவிட்டார். உயிர் இருக்கிறது, கால்கள் இருக்குமா என்று தெரியவில்லை என்றான். தலையிலும் அடி. எடிலேனி தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்திவிட்டு, அந்த மழையில் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாளாம். உப்பு லாரிக்காரன்தான் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான்.

"இன்னும் இருபது நிமிஷம் முன்னால தெரிஞ்சிருந்தா ஒரு காலாவது தேறியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு" என்றான் லீலண்ட். பிறகு நோட்டை எடுத்தான். "அந்தப் பொண்ணு காரை எடுக்க நீங்க அனுமதி குடுத்தீங்களா?"

நான் குளிர்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"ஆறாவதைப் படி, லீலண்ட்."

அவன் படித்தான். எழுதிக்கொண்டான். அப்போது வாரன் பேசினார்.

"கிரீம்."

"சார் என்ன சொல்றாரு?"

"காபிக்குக் கிரீம் கேக்கறாரு."

வாரன் வாழ்நாளில் காபியில் எதுவும் கலந்து குடித்தவர் இல்லை. நான் கோப்பையில் கொஞ்சம் பால் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். நல்ல கையால் அதைத் தள்ளிவிட்டார். "கிரீம்" என்றார் மறுபடி, லீலண்டைப் பார்த்து. லோர்னா துணி எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

"வருத்தப்படாதீங்க சார்" என்றான் லீலண்ட். நல்ல பையன்.

அன்று எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் ஆறாவது விதியை மட்டும்தான் எடுத்து எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

ஒன்பதாவது நாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கூப்பிட்டான். ஹால்வர்சன் என்று பெயர், சின்ன வயசுக்காரன், எதற்கும் சிரிக்கிற குரல்.

"மேடம், நீங்க நிம்மதியா இருங்க. கேக்காம எடுத்துட்டுப் போன காருன்னு முடிச்சுட்டாங்க. உங்க காருக்கு உண்டானது முழுசா வந்துடும்."

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நானே குடுத்தனுப்பியிருந்தா?"

"அப்பவும் ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க சாவி குடுத்து யாரு ஓட்டினாலும், நீங்களே ஓட்டின மாதிரிதான், பாலிசி காரோடதானே போகுது. படிவத்துல பேரு விட்டதுக்கு ரெண்டு கேள்வி கேட்டிருப்பாங்க, வருஷக் கட்டணம் ஏறியிருக்கும். மிஸ்டர் வாட்லி அந்தக் காலத்துலயே மேல ஒரு பெரிய பாலிசி போட்டு வச்சிருக்காரே, உங்களுக்குத் தெரியாதா? வீட்டு வாசப்படி வரைக்கும் ஒருத்தனும் வந்திருக்க முடியாது."

"அந்த மனுஷருக்கு?"

"திபோடோவுக்கா? ஆஸ்பத்திரி, வீட்டுல வச்சுப் பாத்துக்கறது, எல்லாம் நாங்க குடுத்திருப்போம். இப்ப முடியாது. திருட்டுக்கு நாங்க எப்படி மேடம் பொறுப்பு?"

நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. அன்றே லீலண்டைக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் சிறையில் இருக்கிறாள். அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆனால் ஒன்பது நாள் ஆகிவிட்டதே. காகிதத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாலு பேர் என் மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒரு முறை கையெழுத்திட்ட காகிதத்தைத் திருத்தித் தா என்று எத்தனையோ பெற்றோர் என் அலுவலகத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். நான் ஒருவருக்கும் திருத்திக் கொடுத்ததில்லை. எனக்கு மட்டும் ஒரு சலுகை எப்படி எடுத்துக்கொள்வது?

திபோடோ வீட்டுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். நூடுல்ஸும் கோழியும் சேர்த்துச் சுட்டு, பாத்திரத்தின் அடியில் என் பெயரை ஒட்டி. மூன்று வாரம் கழித்து அவர் மனைவி க்ளாடெட் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலை எடுத்துவிட்டார்கள், இன்னொன்று இருந்தும் பயனில்லை, கட்டின மனைவி தன்னையே யாரென்று கேட்கிறார் என்றாள். வீட்டை விற்கப் போகிறார்களாம்.

"உங்களைச் சொல்லி என்னங்க பண்றது? உங்களையும்தானே அந்தப் பொம்பளை ஏமாத்தினா."

"ஆமாம்" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரிந்தது. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள்.

கோர்ட்டில்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அனுமதி கொடுத்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். அங்கே தாளை நீட்ட முடியாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். "கொடுக்கவில்லை" என்றேன். பதினொன்று பதினாலுக்கு உங்கள் வீட்டிலிருந்து அவள் போனுக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறதே என்றார். கொட்டகையில் கார் இல்லாததைப் பார்த்தால் யாரும் கூப்பிடத்தானே செய்வார்கள் என்றேன். அவர் தலையசைத்தார். கடைக்கு அவள் எழுதிக்கொண்டுபோன துண்டுக் காகிதத்தைக் காட்டினார்கள். அவள் பாஷை, அவள் கையெழுத்து, அதனால் தன் வீட்டுச் சமையலுக்கு வாங்கப் போனாள் என்று முடிந்தது.

எடிலேனி அழவில்லை. கோபப்படவும் இல்லை. மொழிபெயர்ப்பவரைத் தாண்டி நேராக நீதிபதியிடமே சொன்னாள்.

"தோனாதான் சாவி குடுத்தாங்க. ஆனா அவங்க பொய் சொல்றவங்க இல்லீங்க. மறந்துட்டாங்க. வயசாயிடுச்சு, வீட்டுல ஐயாவுக்கும் உடம்பு முடியல. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கமாட்டேன். என் ஞாபகத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவள் வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டு என் வயதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். முப்பது வருஷத்துக்கு முந்தைய மாணவர் பட்டியலை அகர வரிசையில் சொல்லிக் காட்டினேன். ஜூரியில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார்; பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

பதினாலு மாதம் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் கார் எடுத்ததற்கும், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டிப் படுகாயம் உண்டாக்கியதற்கும் சேர்த்து. அது முடிந்ததும் பிரேசிலுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் இங்கே சித்தி வீட்டில் இருந்து படித்தாள் என்று கேள்விப்பட்டேன். உங்களை அமர்த்தியிருப்பது அவள்தான் என்றீர்கள். ஜாக்கெலீனி. சின்ன வயதில் ஒரு முறை இங்கே வந்து வாரனுக்கு நகம் வெட்டிவிட்டிருக்கிறாள்.

வாரன் அந்த விபத்துக்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். வேறு ஆள் வைத்தேன், முட்டை திருடுகிற விளையாட்டெல்லாம் இல்லை. மிஞ்சியிருந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, அது ஒன்றைத் தவிர. போன் மணி அடித்தால் "கிரீம்" என்பார். உரக்கச் சொல்வார். வந்தவர்கள் முன்னால் சங்கடமாக இருந்தது. மணிச் சத்தம் கேட்காதபடி திருகி வைத்துவிட்டேன். கடைசி வருஷம் மணி அடிக்காமலே சொன்னார். காலைக் காபியில் கிரீம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். குடிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் போன வாரம் போனில் கேட்டீர்களே, காரைத் திருடிக்கொண்டு போகிறவள், காரின் சொந்தக்காரி கூப்பிட்டால் ஏன் எடுத்தாள் என்று. ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. லீலண்ட் ஆறாவதைப் படித்தான். அரசு வக்கீல் ஆறாவதைப் படித்தார். ஜூரியில் பன்னிரண்டு பேரும் கையில் வாங்கி ஆறாவதைப் படித்தார்கள். அந்தத் தாளில் அதற்கு இரண்டு வரி மேலே நாலாவது இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை. முழுத் தாளையும் கொடுத்தேன்.

இப்போது பதினொன்று பதினாலு.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சூப்பில் போடுகிற சின்ன உப்பு பிஸ்கட் அடியில் நாலைந்துதான் கிடந்தது. சுவர்ப் போனில் அவளைக் கூப்பிட்டேன்.

"தோனா?"

"எடிலேனி, உப்பு பிஸ்கட்டும் வாங்கிக்கோ. சூப்புல போடறது."

"ஆறு மூலை இருக்குமே, சின்னதா, அதானே?"

"அதேதான். நீலப் பொட்டலம். செவப்பு வேண்டாம், செவப்பு நமுத்துப்போய்—"

அப்போது ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. மாடியிலிருந்து ஈரத் துணி மூட்டை விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கார்க் கதவு திறக்கிற சத்தம். போன் கீழே எங்கேயோ விழுந்திருக்க வேண்டும், அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது. அவள் கத்தினாள், நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற நம்பிக்கையில்.

"தோனா! ஒருத்தர இடிச்சுட்டேன்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! நான் கைய எடுத்தா ரத்தம் நிக்க மாட்டேங்குது, மில் ரோட்டு வளைவு, தோனா, கூப்பிடுங்க!"

நான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. லோர்னா சொன்ன ஏரி வீடும் ஞாபகம் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போனை மெதுவாக மாட்டினேன். பட்டென்று வைக்கவில்லை. திரும்பினால் வாரன் மேஜையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியது அவர் வரைக்கும் கேட்டிருக்கிறது. நல்ல கையைப் போனை நோக்கி நீட்டினார். நான் அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு, மேஜையில் ஐந்து தட்டுகளை எடுத்து வைத்தேன். உப்பு லாரி மில் சாலைக்கு வந்தது பதினொன்று முப்பத்தெட்டுக்கு என்று கோர்ட்டில் சொன்னார்கள்.

கோர்ட்டில் இதையும் அவள் சொன்னாள். "தோனாவுக்குக் கேட்டிருக்காது" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். சாவியை நான்தான் கொடுத்தேன். கடைக்கு நான்தான் அனுப்பினேன். போனில் நான்தான் இருந்தேன். அந்த இருபத்து நாலு நிமிஷமும் எனக்குத் தெரிந்தேதான் போனது. தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள், எழுத்துப் பிழை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, மேஜை அதுவரைதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெலீனியும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அவள் அம்மா போனை எடுத்தது இரண்டாவது மணியில். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். விதியில் மூன்று என்றுதான் போட்டிருக்கிறது. காரை ஓரமாக நிறுத்த, இன்னொரு மணி அடிக்கும் வரை அவளுக்கு நேரம் இருந்தது.